நிலப்பரப்புச் சூழலியலில் முதுகலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலப்பரப்புச் சூழலியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், தோட்டம் போடுகிற படிப்பா என்று கேட்பார்கள். இதன் ஆங்கிலப் பெயரில் வரும் ‘லேண்ட்ஸ்கேப்’ என்ற சொல் நம் ஊரில் ஹோட்டல் முகப்புப் புல்தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் வரும் குழப்பம் அது. விண்ணப்பிக்கும் மாணவர்களிலும் சிலர், இது செயற்கைக்கோள் படத்தை வைத்து வண்ண வரைபடம் போடும் படிப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் குழப்பத்தைவிட இதுதான் அதிகம் பாடுபடுத்தும். ஏனென்றால் இரண்டு ஆண்டு முடிந்து ஆய்வேடு எழுதும்போதுதான் அதன் விளைவு தெரியவரும்.

இந்தத் துறை எதைக் கேட்கிறது என்பதற்கு வால்பாறையை எடுத்துக்கொள்ளலாம். அந்த மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் முதலிய காடுகள். நடுவில் தேயிலை, காப்பி, ஏலக்காய்த் தோட்டங்கள். அவற்றுக்கிடையே வெட்டப்படாமல் எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகள். ஒரு துண்டுக்குள் எத்தனை மரவகை, எத்தனை பறவையினம் என்று எண்ணுவது வழக்கமான சூழலியல். அந்தத் துண்டு எவ்வளவு பெரியது, அடுத்த துண்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, இடையில் இருப்பது வெயில் விழும் தேயிலையா நிழல்மரம் நிற்கும் காப்பியா, ஆற்றங்கரையோர மரங்கள் யானைக்கு நடைபாதையாகின்றனவா, சாலை குறுக்கிட்ட இடத்தில் சிங்கவால் குரங்கு கிளைவழியே கடக்க முடிகிறதா என்று கேட்கத் தொடங்கினால் அது நிலப்பரப்புச் சூழலியல். சுருக்கமாகச் சொன்னால், நிலத்தில் எது எங்கே எப்படி அமைந்திருக்கிறது என்பதற்கும், அங்கே உயிர்களும் நீரும் விதையும் நெருப்பும் எப்படி நகர்கின்றன என்பதற்கும் உள்ள உறவைத் தேடுவது.

இந்தப் பெயரை 1939இல் ஜெர்மானியப் புவியியலாளர் கார்ல் ட்ரோல், வானிலிருந்து எடுத்த புகைப்படங்களைப் பார்த்து வேலை செய்யும்போது வைத்தார். ஆகவே மேலிருந்து பார்ப்பது இந்தத் துறைக்குப் பிறவிக் குணம். 1986இல் ரிச்சர்ட் ஃபோர்மனும் மிஷெல் கோத்ரோனும் தங்கள் பாடநூலில் நிலப்பரப்பைத் திட்டு, வழித்தடம், சூழ்தளம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை நிலைநிறுத்தினார்கள். வால்பாறையில் காட்டுத் துண்டு திட்டு, ஆற்றோர மரவரிசை வழித்தடம், தேயிலை சூழ்தளம். ஆனால் யாருக்கு? யானை தேயிலைக்குள் நடந்து போய்விடும். காட்டின் சருகுக்குள் வாழும் சிறு தவளைக்கு அதே தேயிலை ஒரு மதில். ஒரே நிலம், இரண்டு வரைபடம். படிக்கும் காலம் முழுவதும் எந்த வேலையைத் தொடங்குமுன்பும் ‘யாருடைய நிலப்பரப்பு?’ என்ற கேள்வியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான தவறுகள் அதை எழுதாததால் வருபவை.

சேர்வதற்கு முன்

இந்தியாவில் இந்தப் பெயரிலேயே முதுகலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். இது பெரும்பாலும் வேறொரு பட்டத்துக்குள் ஒரு தாளாகவும், நான்காம் பருவத்தில் ஆய்வேடாகவும் வரும். நுழையும் கதவுகள் இரண்டு. ஒன்று உயிரியல் பக்கம்: டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தின் வனவுயிர் அறிவியல் படிப்பு, பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் நடத்தும் வனவுயிர் உயிரியல் மற்றும் பாதுகாப்புப் படிப்பு, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் துறை, மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவுயிர் உயிரியல் துறை, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. மற்றொன்று தொலையுணர்வு, அதாவது செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தைப் படிக்கும் பக்கம்: இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்றவை. முனைவர் பட்டத்துக்கு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையமும், அதே பெங்களூரில் உள்ள ‘ஏட்ரீ’ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனமும் உண்டு.

என் கருத்தில், உயிரியல் கதவு வழியே வந்து தொலையுணர்வைக் கற்றுக்கொள்வது எளிது. எதிர்த்திசையில் வருபவர்கள் கருவியில் கெட்டிக்காரர்களாக இருந்தும், விலங்கு என்ன செய்யும் என்ற உள்ளுணர்வு வளர நாள் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு விதிவிலக்குகளை நானே பார்த்திருக்கிறேன் என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் முதுகலைத் தேர்வு. ஆய்வுக்குக் கேட் தேர்வில் ‘சூழலியலும் பரிணாமமும்’ என்று தனித் தாளே இருக்கிறது. வனவுயிர் படிப்புகள் சில ஆண்டுதோறும் மாணவர்களைச் சேர்ப்பதில்லை; ஓர் ஆண்டு தவறவிட்டால் இரண்டு ஆண்டு காத்திருக்க நேரலாம் என்பதால், இளங்கலை இறுதியாண்டின் தொடக்கத்திலேயே நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். நேர்காணலில் ஆங்கிலச் சரளத்தைவிட, நீங்கள் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் எடுபடும். ஊர்க் கண்மாயில் ஓராண்டு பறவைக் கணக்கு எடுத்த குறிப்பேடு பத்துச் சான்றிதழுக்குச் சமம். அதேபோல், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கவுரையை ஐந்திணையிலிருந்து தொடங்கி எழுதும் ஆசை தமிழ் மாணவர்கள் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அதை வெட்டிவிட்டு, நீங்கள் பார்த்த அந்தக் கண்மாயைப் பற்றி எழுதுங்கள்.

முதல் பருவத்து வாசிப்பு

வரிசை முக்கியம். மெக்ஆர்தரும் வில்சனும் 1967இல் முன்வைத்த தீவு உயிர்ப்புவியியலிலிருந்து தொடங்குங்கள்: பெரிய தீவில் இனங்கள் அதிகம், தொலைவான தீவில் குறைவு. அடுத்து ரிச்சர்ட் லெவின்ஸ் 1969இல் சொன்ன ‘மெட்டாபாப்புலேஷன்’ கோட்பாடு, அதாவது பல திட்டுகளில் பிரிந்து வாழும் கூட்டங்களை ஒன்றாகப் பார்ப்பது: ஒரு திட்டில் ஓர் இனம் அழிந்தாலும் அடுத்த திட்டிலிருந்து வந்து மீண்டும் குடியேறலாம். காட்டுத் துண்டைத் தீவாகப் பார்க்கும் பழக்கம் இவற்றிலிருந்து வந்தது. அதன்பின் மோனிகா டர்னர் 1989இல் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை. அமைப்பு எவ்வாறு நிகழ்வைப் பாதிக்கிறது என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தந்த கட்டுரை அது. டர்னரும் ராபர்ட் கார்ட்னரும் எழுதிய பாடநூலின் 2015 பதிப்பைப் பருவம் முழுவதும் கையோடு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் படித்தபின் லெனோர் ஃபாரிக்கின் 2003 கட்டுரைக்கு வாருங்கள், அதற்கு முன் வேண்டாம். காடு குறைவது வேறு, இருக்கும் காடு துண்டு துண்டாகச் சிதறுவது வேறு. முதலாவதன் கேடு பெரிது, இரண்டாவதன் தனி விளைவு சிறிது, சில வேளைகளில் நன்மையாகவும் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். அதை ஏற்காத ஆய்வாளர்கள் பலர் உண்டு. வாதம் இன்னும் ஓயவில்லை. நம் மாணவர்களின் ஆய்வேடுகளில் ‘காடு துண்டானதால் இனங்கள் குறைந்தன’ என்ற வரி அடிக்கடி வருகிறது. அந்த இடத்தில் காட்டின் மொத்தப் பரப்பும் குறைந்திருந்தால், எது காரணம் என்று உங்கள் தரவு பிரித்துச் சொல்கிறதா என்று தேர்வாளர் கேட்பார். கேட்காவிட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கணக்கும் கருவியும்

பணம் கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், புள்ளியியலுக்கு ஆர் மொழி, இரண்டும் இலவசம். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சின் கல்விப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் உள்ளன. 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். பத்து மீட்டர் நுணுக்கமுள்ள ஐரோப்பியச் சென்டினல்-2 படங்களும் அப்படியே. நம் நாட்டுப் படங்களுக்கு இஸ்ரோவின் புவன் தளம் இருக்கிறது. திட்டுகளின் அளவு, விளிம்பு, இடைவெளி ஆகியவற்றைக் கணக்கிட 1995இல் வந்த ஃப்ராக்ஸ்டாட்ஸ் இன்றும் பயன்படுகிறது. ஆர் மொழியில் ‘லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸ்’ என்ற தொகுப்பு அதே வேலையைச் செய்யும். திட்டுகளுக்கிடையே உயிர்கள் நகர உதவும் இணைப்பைக் கணக்கிட, நிலத்தை மின்சுற்றாகப் பாவிக்கும் சர்க்யூட்ஸ்கேப் உண்டு. இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாப் பயிற்சிகளையும் நடத்துகிறது. புள்ளியியலில் பொதுமை நேர்கோட்டு மாதிரிகள் வரை தெரிந்திருந்தால் முதுகலைக்குப் போதும். அதோடு, அருகருகே இருக்கும் இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது என்ற ஒரு பாடத்தை மட்டும் ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கருவியைத் தொட்ட முதல் வாரத்திலேயே தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் காத்திருக்கும் பொறி ஒன்று உண்டு. தூரத்தை மீட்டரில் அளக்க, உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் யூ.டி.எம். என்ற வீச்சுமுறைக்குப் படத்தை மாற்ற வேண்டும். அந்த முறையில் உலகம் ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 43ஆம் மண்டலத்துக்கும் 44ஆம் மண்டலத்துக்கும் எல்லையான 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை நம் மாநிலத்தின் குறுக்கே, திண்டுக்கல்லை ஒட்டி, ஓடுகிறது. கோவையும் வால்பாறையும் கொடைக்கானலும் 43இல், மதுரையும் சென்னையும் 44இல். வைகை ஆற்றுப்படுகையை ஆய்வுக்கு எடுத்தால் தேனி ஒரு மண்டலத்திலும் மதுரை இன்னொன்றிலும் விழும். இரண்டு தரவையும் கவனிக்காமல் கலந்தால் மென்பொருள் பெரும்பாலும் எச்சரிக்காது. தவறான தூரத்தைத்தான் தரும். படுகையின் பெரும்பகுதி எந்த மண்டலத்தில் விழுகிறதோ அதையே முழுவதற்கும் வைத்துக்கொண்டு, அதை ஆய்வேட்டில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

வரைபடம் ஏமாற்றும் இடங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்க வேண்டுகிறேன்.

நீலகிரியிலோ பழனி மலையிலோ, பள்ளத்தில் ஒதுங்கி நிற்கும் அரை ஹெக்டேர்ச் சோலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லேண்ட்சாட் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டர்க்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். உங்கள் சோலை ஐந்தாறு பிக்சல்தான். அவற்றிலும் பெரும்பாலானவை பாதி சோலை, பாதி புல்வெளி. சென்டினல் படத்தில் அதே சோலை 50 பிக்சல். படத்தை 90 மீட்டருக்குத் திரட்டினால் சோலை ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது, அக்கம்பக்கத்துப் புல்வெளியில் கரைந்துபோகும். மூன்று வரைபடமும் ‘சரி’தான், ஆனால் திட்டுகளின் எண்ணிக்கை மூன்றிலும் வேறு. 1970களின் படங்கள் லேண்ட்சாட்டிலும் இதைவிடக் கரடுமுரடானவை என்பதால், அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் அப்படியே ஒப்பிட்டுத் ‘திட்டுகள் பெருகிவிட்டன’ என்று எழுதினால், நீங்கள் அளந்தது காட்டின் மாற்றத்தை அல்ல, கேமராவின் மாற்றத்தை. நுணுக்கமான படத்தைக் கரடான படத்தின் அளவுக்கு இறக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இரண்டு காட்டுப் பிக்சல்கள். நான்கு பக்கத்து அண்டை விதியில் அவை இரண்டு திட்டு; எட்டுப் பக்கத்து விதியில் ஒரே திட்டு. மென்பொருள் ஏதோ ஒன்றை முன்னிருப்பாக வைத்திருக்கும். நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்பதை உங்கள் விலங்கைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, வடிவம். இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து வெயிலும் காற்றும் களையும் 50 மீட்டர் வரை உள்ளே நுழைகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரமான காடு 100 ஹெக்டேர். விளிம்பைக் கழித்தால் 81 ஹெக்டேர் உட்காடு மிஞ்சும். அதே 100 ஹெக்டேர் ஐந்து கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமுமாக ஆற்றை ஒட்டி நீண்டிருந்தால், உட்காடு 49 ஹெக்டேர்தான். ஒரே ஒரு ஹெக்டேர் சதுரத் துண்டில் உட்காடே கிடையாது. இந்தச் சிறு கணக்கை முதல் வாரத்திலேயே கையால் போட்ட மாணவர்கள், பிறகு மென்பொருள் கொட்டும் நூறு குறியீடுகளைப் பார்த்து மயங்குவதில்லை.

நான்காவது, மாதம். இதில் நானே மாட்டிக்கொண்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் இல்லாத படம் கிடைப்பது அரிது என்பதால், முதுமலைக்குப் பளிச்சென்ற மார்ச் மாதப் படம் ஒன்றை எடுத்து நிலப்பரப்பை வகைப்படுத்தினேன். பெரும்பகுதி ‘புதர்க்காடு’ என்று வந்தது. துல்லியத்தைச் சரிபார்க்க வைத்திருந்த புள்ளிகளையும் அதே படத்தைப் பார்த்தே குறித்திருந்ததால் எல்லாம் அழகாகப் பொருந்தியது. மழை ஓய்ந்தபின் களத்துக்குப் போனால், நான் புதர் என்று குறித்த இடத்தில் தேக்கும் வெண்தேக்கும் குடைவிரித்து நிற்கின்றன. இலையுதிர்க்காட்டை இலையில்லாத மாதத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து பசுமையான டிசம்பர்ப் படம் ஒன்று, இலை உதிர்ந்த மார்ச் படம் ஒன்று என்று இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். இதே இலையுதிர்வு வேறோர் இடத்தில் துணைக்கு வரும்: கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர்த் தோட்டம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், பசுமைமாறாக் காடு உதிர்க்காது, ஆண்டு முழுதும் ஒன்றுபோலத் தெரியும் இரண்டும் அந்தச் சில வாரங்களில் தனித்தனியாகத் தெரியும்.

ஐந்தாவது, ‘காடு’ என்ற சொல். இந்திய வன அளவைத் துறை 1987 முதல் வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காட்டை மரக்கவிகை, அதாவது மரத்தலைகளின் விரிப்பு, மூடியிருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வி அதில் இல்லை. ஆகவே தோப்பும் தோட்டமும் அந்த எண்ணிக்கையில் சேரும். அரசுக்கு அந்த வரையறையால் பயன் இருக்கலாம், காட்டு மரப்பொந்தில் கூடு கட்டும் இருவாச்சிப் பறவைக்கு இல்லை. இதன் மறுபக்கமும் உண்டு. பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளில் மலைப்புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (‘வாட்டில்’) மரமும், கற்பூர மரம் என்று அங்கே சொல்லப்படும் யூகலிப்டஸும், பயிரும் வந்துவிட்டன. மரத்தை மட்டும் எண்ணும் வரைபடத்தில் இந்த இழப்பு வளர்ச்சியாகத் தெரியும்.

தலைப்பைத் தேர்வது

‘இன்ன மாவட்டத்தில் நிலப்பயன்பாட்டு மாற்றம்: தொலையுணர்வு ஆய்வு’ என்ற தலைப்பை நெறியாளர் தந்தால், பணிவாக ஒரு கேள்வியைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். மாற்றம் நடந்தது தெரியும். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதே ஆய்வு. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொண்டால், அது இரை தேடப் போகும் தூரம்தான் உங்கள் ஆய்வுப் பகுதியின் எல்லை, தாலுகா எல்லை அல்ல. அந்த வட்டத்துக்குள் எத்தனை குளங்களில் எந்த மாதம் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது, எதில் சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது, நாரை எவற்றுக்குப் போகிறது என்று கேட்டால் ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய ஆய்வு கிடைக்கிறது. கண்மாய்ச் சங்கிலிகளும் அப்படித்தான்: மேல் கண்மாயின் கலங்கல் வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர், இணைப்பு என்ற கருத்தைச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இவற்றை எடுப்பவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் புலியையும் யானையையும் நோக்கியே ஓடுகிறார்கள்.

காட்டுக்குள் போவதானால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆய்வேட்டுப் பருவம் பொதுவாக ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடியும் என்பதால், முந்தைய ஆண்டு ஜூலையிலேயே நெறியாளர் வழியாக விண்ணப்பம் போய்விட வேண்டும். வேட்டைத்தடுப்புக் காவலர் துணைக்கு வர வேண்டிய நாட்கள், வாகனம், தங்குமிடம் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே உள்ள கண்மாய், மேய்ச்சல் நிலம், கோயில்காடு ஆகியவற்றில் வெறுமனே பார்த்துக் குறிப்பெடுக்கும் ஆய்வுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஊராட்சித் தலைவரிடமும் கோயில் பொறுப்பாளரிடமும் முன்கூட்டிப் பேசிவிட்டால் போதும். உங்களிடம் ஐந்தே மாதம் இருக்கிறது என்றால் இதை யோசியுங்கள்.

களத்தில் வரைபடத்தைச் சரிபார்க்கும் புள்ளிகளைச் சாலையோரத்திலேயே எடுத்து முடித்துவிடும் சோம்பல் எல்லோருக்கும் வரும். சாலையோரம் உண்ணிச்செடி அதிகம், மரம் குறைவு. உங்கள் வரைபடம் சாலையோரத்துக்கு மட்டும் சரியாக இருக்கும். புள்ளிகளை அறையிலேயே கணினியில் சீரற்ற முறையில் தேர்ந்து அச்சிட்டுக்கொண்டு போங்கள். போக முடியாத புள்ளியை ‘போக முடியவில்லை’ என்றே குறியுங்கள், பக்கத்தில் வசதியான இடத்துக்கு நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு திசைக்கும் ஒரு படம், தேதி, மரங்களின் உள்ளூர்ப் பெயர். மழைக்காலத்து வால்பாறையில் அட்டைக்கு உப்புத் துணி வேண்டும், குறிப்பேட்டுக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டும், பென்சில் வேண்டும். பேனா மை வழிந்துவிடும்.

வாய்மொழித் தேர்வில் நிச்சயம் வரும் கேள்வி, ஏன் இந்தப் பிக்சல் அளவு, ஏன் இந்த எல்லை என்பதுதான். ‘இலவசமாகக் கிடைத்தது’ என்பது நேர்மையான விடை. மதிப்பெண் வாங்கித் தராத விடை. செய்முறை அத்தியாயத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, உங்கள் விலங்கு ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும், அதற்குப் பயன்படும் மிகச் சிறிய திட்டு எது என்று முன்னதாகவே எழுதிவிடுங்கள். பிறகு அதே கணக்கை இன்னும் இரண்டு பிக்சல் அளவுகளில் ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று ஒரு சிறு அட்டவணை சேருங்கள். மாறினால் மறைக்காமல், எந்த அளவிலிருந்து மாறுகிறது என்று அட்டவணைக்குக் கீழேயே எழுதுங்கள். நிரலையும் களப்புள்ளிகளையும் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே கண்மாய்க்கு வரும் மாணவர் உங்களிடம்தான் கேட்பார்.